விடியலுக்கு முன் ஒரு தாள்

1942 தொடங்கியபோது அமெரிக்கா போர்க்கோலம் பூண்டிருந்தது. பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கான்சாஸ் மாநிலத்தின் ஹட்சின்சன் ஊரில் பிறந்த வில்லியம் ஸ்டாஃபோர்டுக்கு அப்போது 28 வயது. எந்தக் காரணத்துக்காகவும் மனிதரைக் கொல்ல மாட்டேன் என்று சொல்லிப் படையில் சேர மறுத்தார்.

அப்படி மறுத்தவர்களுக்காக அன்றைய சட்டம் பொதுப்பணி முகாம்களை வைத்திருந்தது. சுமார் 12,000 பேர் அவற்றில் வேலை செய்தார்கள். கூலி கிடையாது, கைச்செலவுக்கு மாதம் இரண்டரை டாலர். ஸ்டாஃபோர்ட் முதலில் ஆர்கன்சாவிலும் பிறகு கலிஃபோர்னியாவிலும் இருந்தார். மண்ணரிப்பைத் தடுப்பது, மலைக்காட்டில் பாதை போடுவது, காட்டுத்தீயை அணைப்பது என்று நாள் முழுக்க வேலை. மாலையில் திரும்பும்போது உடம்பில் தெம்பு இருக்காது. ஆகவே முகாம் விழிப்பதற்கு முன்பே எழுந்து எழுத ஆரம்பித்தார்.

1946இல் முகாம் வாழ்க்கை முடிந்தது. விடியலுக்கு முன் எழுதும் வழக்கம் முடியவில்லை. திருமணம், நான்கு குழந்தைகள், கல்லூரி வேலை, பரிசு, புகழ், புத்திர சோகம் எல்லாவற்றையும் கடந்து அது அரை நூற்றாண்டு தொடர்ந்தது. 1993 ஆகஸ்ட் 28ஆம் தேதி காலையிலும் ஒரு கவிதை எழுதினார். அன்றே மாரடைப்பால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 79.

கவிதை எழுதுவது மனிதரை வளர்க்குமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு விதமான பதில்கள்தான் வருகின்றன. கவிதை காயத்தை ஆற்றும், உள்ளத்தைத் தூய்மையாக்கும் என்று ஆதாரம் கேட்காமல் போற்றுபவை ஒரு வகை. கவிஞர்களின் வாழ்க்கையைப் பாருங்கள், குடியும் கடனும் மனமுறிவும்தான் மிச்சம் என்று கைவிரிப்பவை இன்னொரு வகை. இரண்டுக்கும் நடுவே பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஸ்டாஃபோர்ட் அதற்குப் பொருத்தமான மனிதர். அவர் எழுதிய தாள் ஒவ்வொன்றின் தலையிலும் தேதி இருக்கிறது. அப்படிச் சேர்ந்த தாள்கள் ஏறத்தாழ 20,000. ஒரு மனம் நாள்தோறும் என்ன செய்தது என்பதற்கு இவ்வளவு நீண்ட சான்று இலக்கிய உலகில் அரிது.

முகாமுக்குப் போன ஆண்டிலேயே கவிதை அவரை ஆபத்தில் மாட்டிவிட்டது. ஒரு விடுமுறை நாளில் அவரும் இரண்டு முகாம் நண்பர்களும் ஆர்கன்சாவின் மெக்நீல் என்ற சிற்றூருக்குப் போயிருந்தார்கள். ஒருவர் படம் வரைந்துகொண்டிருந்தார். இன்னொருவர் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். வேற்றூர் ஆட்கள் ஊரைப் பார்த்துப் பார்த்து ஏதோ குறித்துக்கொள்வதைக் கண்டு உள்ளூர்க்காரர்களுக்குச் சந்தேகம் வந்தது. இவர்கள் போருக்குப் போக மறுத்தவர்கள் என்று தெரிந்ததும் கூட்டம் கூடிவிட்டது. தூக்கில் போட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. காவலர்கள் வந்து மூவரையும் மீட்டு முகாமில் கொண்டுவிட்டார்கள். 1947இல் வெளிவந்த தம் முதல் புத்தகத்தில் ஸ்டாஃபோர்ட் இந்தச் சம்பவத்தை விரிவாக எழுதினார். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்துக்காக அவர் அளித்த உரைநடை அது. தம்மைக் கொல்லத் துணிந்த கூட்டத்தை அதில் அவர் அரக்கர்களாகக் காட்டவில்லை. யார் எந்தச் சொல்லுக்குச் சினந்தார்கள், எந்த நொடியில் கூட்டத்தின் சூடு தணிந்தது என்றுதான் கவனித்து எழுதினார். அந்தப் பார்வைதான் பின்னாளில் அவருடைய கவிதைக்கும் அடித்தளமாயிற்று.

அவர் எழுதிய விதம் மிக எளியது. பின்னாளில் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்டை ஒட்டிய லேக் ஆஸ்விகோவில் குடியிருந்தபோது, நாலு மணி வாக்கில் எழுந்து, காப்பி போட்டுக்கொண்டு, கூடத்துச் சோபாவில் சாய்ந்து, கோடு போடாத வெள்ளைத் தாளில் கையால் எழுதுவார். முதலில் தேதி. அடுத்து நேற்று நடந்த ஏதோ ஒன்று, அல்லது இரவில் கண்ட கனவு, அல்லது வந்த கடிதத்தில் மனதில் நின்ற ஒரு விஷயம். அதன் பிறகு யோசனையாக ஓரிரு வாக்கியங்கள். கடைசியில் கவிதை. அவருடைய மகனும் கவிஞருமான கிம் ஸ்டாஃபோர்ட், தந்தையைப் பற்றி 2002இல் எழுதிய நினைவு நூலில் இந்த நான்கு படிகளை விவரித்திருக்கிறார்.

இந்த வரிசையில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெள்ளைத் தாளின் முன் உட்கார்ந்து கவிதை வரட்டும் என்று காத்திருப்பவர்தான் திகைத்து நிற்பார். தேதி எழுதத் திறமை தேவையில்லை. நேற்று நடந்ததைக் குறிக்கவும் தேவையில்லை. கவிதைக்கு வந்து சேரும்போது கை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். தினமும் எழுத நினைத்துப் பத்தாம் நாள் விட்டுவிடுகிறவர்களில் பலர் இந்த முதல் இரண்டு படிகளைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தவர்கள்.

எழுத வரவில்லை என்று யாராவது சொன்னால் ஸ்டாஃபோர்ட் தந்த ஆலோசனை புகழ்பெற்றது: உங்கள் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். இதைச் சோம்பேறித்தனத்துக்குத் தரும் அனுமதி என்று சிலர் கண்டித்தார்கள். அவர் சொன்னதில் ஆழம் இருந்தது. எழுதும் நேரத்தில் தரம் பார்ப்பவர், இதுவரை தமக்குத் தெரிந்த தரத்தையே பிடித்துக்கொண்டிருப்பார்; தெரியாத ஒன்று வந்தால் அடையாளம் தெரியாமல் விரட்டிவிடுவார். வந்ததை ஏற்று எழுதிவிட்டு, பிறகு ஒரு நாள் எடுத்துப் பார்த்து, தேறுவதைத் தட்டச்சு செய்து இதழ்களுக்கு அனுப்புவது அவர் முறை. எழுதுவது ஒரு வேலை, தேர்ந்தெடுப்பது வேறொரு வேலை என்று பிரித்து வைத்ததால்தான் இரண்டையும் அவரால் அவ்வளவு காலம் செய்ய முடிந்தது.

அங்கீகாரம் அவசரப்பட்டு வரவில்லை. 1948இல் போர்ட்லண்டின் லூயிஸ் அண்ட் கிளார்க் கல்லூரியில் ஆசிரியரானார். 1954இல் ஐயோவா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். முதல் கவிதைத் தொகுப்பு 1960இல் வந்தபோது அவருக்கு வயது 46. இரண்டே ஆண்டில் வந்த அடுத்த தொகுப்பு ‘இருளினூடே பயணம்’ என்ற பொருள்தரும் தலைப்புக் கொண்டது. 1963இல் அதற்கு அமெரிக்காவின் தேசிய நூல் விருது கிடைத்தது. 1970இல் நாடாளுமன்ற நூலகத்தின் கவிதை ஆலோசகர் ஆனார். 1975இல் ஓரிகன் மாநில அரசவைக் கவிஞர். முகாமில் முதல் காலையில் எழுந்து எழுதிய நாளிலிருந்து முதல் தொகுப்புவரை சுமார் பதினெட்டு ஆண்டுகள். புத்தகம் போடுவதற்காக எழுதியிருந்தால் பாதி வழியிலேயே களைத்திருப்பார்.

அவருடைய மாணவர்களுக்கு வேறொரு அனுபவம் கிடைத்தது. வகுப்பில் பாராட்டவும் மாட்டார், குறை சொல்லவும் மாட்டார். புகழ்ச்சி மாணவரை ஆசிரியரின் முகத்தைப் பார்த்து எழுத வைக்கும், கண்டனமும் அதையே செய்யும் என்பது அவர் எண்ணம். கவிஞர் ராபர்ட் பிளை ஸ்டாஃபோர்டின் விடியற்கால எழுத்து வழக்கத்தால் ஈர்க்கப்பட்டு, தாமும் காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் ஒரு கவிதை எழுதப் பழகினார். அவற்றிலிருந்து எடுத்த கவிதைகள் 1997இல் ஒரு தொகுப்பாக வந்தன. பிளை ஸ்டாஃபோர்டுக்கு நேரெதிரான இயல்பு உடையவர்; மேடைகளில் முழங்குபவர். அந்தத் தொகுப்பில் அவர் குரல் இறங்கி, விளையாட்டும் வியப்பும் கலந்து வருகிறது. ஒருவரின் பழக்கம் இன்னொருவரிடம் போய் வேறு விதமாகப் பலன் தந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அப்படியானால் ஸ்டாஃபோர்டிடம் வளர்ந்தது எது? ஓர் உறுதியான பதில், போரைப் பற்றிய அவருடைய சிந்தனையில் கிடைக்கிறது. அவர் இறந்து பத்து ஆண்டு கழித்து, 2003இல், போரும் அமைதியும் பற்றி விடியற்காலைத் தாள்களில் அவர் எழுதியிருந்தவற்றையும் கவிதைகளையும் நேர்காணல்களையும் கிம் தொகுத்து வெளியிட்டார். இரண்டாம் உலகப் போர், கொரியா, வியட்நாம், வளைகுடா என்று போர்கள் மாறுகின்றன. அவர் நிலைப்பாடு மாறவில்லை. ஆனால் அது இறுகவும் இல்லை. சிறுபான்மையாக நிற்பவருக்கு எளிதில் வரும் கசப்பும், நான் மட்டுமே நல்லவன் என்ற மிடுக்கும் அவரிடம் அபூர்வம். எதிரில் நிற்பவரும் ஏன் அப்படி நினைக்கிறார் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறார். ஒரே கொள்கையை ஐம்பது ஆண்டு வைத்திருந்து, அதைக் கோஷமாகத் தேய விடாமல் காத்தது சாதாரண விஷயமில்லை. விடியற்காலைத் தாள்தான் அதற்குக் காரணம் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் கேள்விகள் உயிரோடு இருந்த இடம் அதுதான்.

ஆய்வுக்கூடங்கள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன? 1986இல் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 46 கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். மற்றவர்கள் வாழ்வில் தம்மைப் புண்படுத்திய நிகழ்ச்சிகளை எழுதினார்கள். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்தவுடன் கூடுதல் துயரத்தோடு இருந்தார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் உடல்நலக் குறைவுக்காக மருத்துவ மையத்துக்குப் போனது அவர்களிடம் குறைவாக இருந்தது. அதன் பிறகு இத்தகைய சோதனைகள் நூற்றுக்கணக்கில் நடந்தன. 2006இல் ஜோன் ஃபிரட்டரோலி 146 ஆய்வுகளை ஒன்றாக வைத்துக் கணக்கிட்டார். எழுதுவதால் நன்மை உண்டு, ஆனால் சராசரியில் அது சிறியது என்பது முடிவு. தொடர்பின் அளவு 0.075. மருந்தாக நம்பிவிடும் அளவுக்குப் பெரியதில்லை. ஒன்றுமே இல்லை என்று தள்ளவும் முடியாது.

இந்தச் சோதனைகளில் எழுதப்பட்டது கவிதை அல்ல, உரைநடை. அதுவும் சில நாட்கள் மட்டும். ஆகவே இவற்றை அப்படியே கவிதைப் பழக்கத்தின் மேல் ஏற்றிச் சொல்வது தவறு. இருந்தாலும் இரண்டு ஆய்வுகள் நம் கேள்விக்கு மிக நெருக்கமாக வருகின்றன.

முதலாவது 2001இல் ஷானன் ஸ்டர்மனும் பென்னிபேக்கரும் செய்தது. தற்கொலை செய்துகொண்ட ஒன்பது கவிஞர்கள், அப்படி இறக்காத ஒன்பது கவிஞர்கள். இவர்களுடைய சுமார் 300 கவிதைகளைக் கணினி கொண்டு சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தார்கள். முதல் பிரிவினரின் கவிதைகளில் ‘நான்’, ‘என்’, ‘எனக்கு’ போன்ற சொற்கள் அதிகம் இருந்தன. எது காரணம், எது விளைவு என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. துயரத்தில் இருப்பவர் தம்மைப் பற்றியே அதிகம் எழுதுவார் என்பதும் இயல்புதான். ஆனால் கவிதை எழுதினாலே மனம் ஆறிவிடும் என்ற எளிய நம்பிக்கை இங்கே நொறுங்கிவிடுகிறது. அந்த ஒன்பது பேரும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டாவது 2003இல் ஷெர்லாக் கேம்பெலும் பென்னிபேக்கரும் வெளியிட்டது. முந்தைய சோதனைகளில் சேர்ந்த கட்டுரைகளை எடுத்து, ஒருவர் முதல் நாள் எழுதியதற்கும் அடுத்தடுத்த நாட்களில் எழுதியதற்கும் நடையில் எவ்வளவு வேறுபாடு என்று ஒப்பிட்டார்கள். ‘நான்’ முதலான பிரதிப் பெயர்ச் சொற்களின் அளவு நாளுக்கு நாள் மாறிய எழுத்தாளர்களுக்குத்தான் உடல்நலத்தில் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஒரே இடத்தில் நின்று ஒரே குரலில் தம் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்களுக்கு அவ்வளவு பலனில்லை. ஒரு நாள் தம் பக்கத்திலிருந்தும் இன்னொரு நாள் மற்றவர் பக்கத்திலிருந்தும் பார்க்க முடிந்தவர்கள் மேம்பட்டார்கள்.

கவிதைப் பழக்கத்தின் பெரும்பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நாட்குறிப்பில் ஒருவர் தம் கோபத்தையே நாள்தோறும் நகலெடுத்துக்கொண்டிருக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். கவிதை அப்படி விடாது. ஒரு படிமம் வேண்டுமென்றால் கண்ணைத் தூக்கி வெளியே பார்த்தாக வேண்டும். ஓசை வேண்டுமென்றால் தன் சொல்லைத் தானே அயலார் சொல் போலக் கேட்டாக வேண்டும். தினமும் சில நிமிடமாவது எழுதுபவரை அவருடைய சொந்தப் புலம்பலிலிருந்து வெளியே இழுக்கும் வேலையைக் கவிதையின் வடிவமே செய்கிறது. அந்த இழுப்புக்கு இடம் கொடுக்காமல் எழுதினால், எத்தனை ஆண்டு எழுதினாலும் வளர்ச்சி இருக்காது.

இப்படி வெளியே பார்த்து எழுதுவதன் உச்சம் ஜப்பானியக் கவிஞர் மசாவோகா ஷிகி. 1867இல் பிறந்த இவர் காசநோயால் இரத்தம் கக்கியவர். நோய் முதுகெலும்புக்குப் பரவியதால் கடைசி ஆண்டுகளில் டோக்கியோ வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். இருப்பதை இருக்கிறபடி பார்த்து எழுத வேண்டும் என்ற கொள்கையை, ஓவியர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு ஹைக்கூவுக்கும் தங்கா என்ற குறுங்கவிதை வடிவத்துக்கும் வகுத்துக் கொடுத்தவர் அவர். படுக்கையிலிருந்து தெரிந்தது ஒரு சிறு தோட்டம் மட்டுமே. அந்தத் தோட்டத்தையே எழுதினார். 1902 மே மாதம் முதல் ‘நிப்பொன்’ நாளிதழில் படுக்கைக் குறிப்புகள் எழுதினார். 127 பகுதிகள் வந்தன. கடைசிப் பகுதி அச்சானது செப்டம்பர் 17. இறந்தது செப்டம்பர் 19. முந்தைய நாள் கடைசியாக எழுதிய மூன்று ஹைக்கூக்களும் பீர்க்கங்கொடியைப் பற்றியவை. அதன் தண்டிலிருந்து வடியும் நீரை ஜப்பானில் சளிக்கு மருந்தாகக் கொடுப்பார்கள். இறந்தபோது ஷிகிக்கு வயது 34.

ஷிகியை வலியை வென்ற மகான் என்று காட்டுவது பொய்யாகிவிடும். அவருடைய தனிக் குறிப்பேட்டில் அலறல் இருக்கிறது, தங்கை மேல் எரிச்சல் இருக்கிறது, தற்கொலை எண்ணம் வந்துபோன நாளும் இருக்கிறது. எழுத்து வலியைக் குறைக்கவில்லை. வலியைத் தவிர வேறொன்றும் இந்த அறையில் உண்டு என்று அவருக்குத் தினமும் காட்டியது.

ஸ்டாஃபோர்டின் வாழ்விலும் எழுத்தால் எட்ட முடியாத இடம் ஒன்று வந்தது. 1988இல் அவருடைய மூத்த மகன் பிரெட் தற்கொலை செய்துகொண்டார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தினமும் மனதைக் கேட்டு எழுதிய தந்தை அதன் பிறகும் எழுதினார். மகன் நினைவாகக் கவிதையும் எழுதினார். ஆனால் வீட்டில் அந்தச் சாவைச் சுற்றி நெடுங்காலம் மௌனம் நிலவியது. 2012இல் அண்ணனைப் பற்றிக் கிம் எழுதிய நூலே அந்த மௌனத்தை உடைக்க எழுதப்பட்டதுதான். தாளோடு பேசத் தெரிந்தவருக்கு வீட்டில் இருப்பவர்களோடு பேசவும் தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தினக் கவிதை எந்த உறவுக்கும் மாற்றாகாது. துயரம் தாங்க முடியாமல் போகும்போது நண்பரும் மருத்துவரும் தேவை. இதை மறைத்துவிட்டுக் கவிதையின் பெருமையைப் பேசுவது நேர்மையாகாது.

பிரெட் இறந்த பிறகு நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1992இல் வாஷிங்டன் மாநிலத்தின் மெத்தோ ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வனத்துறை அலுவலர்கள் இருவர் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். மலைச் சாலையோரம் வைக்கும் தகவல் பலகைகளில் வழக்கமான செய்திகளுக்குப் பதில் கவிதை வைக்க நினைக்கிறோம், எழுதித் தருவீர்களா என்று கேட்டார்கள். 78 வயதில், மகனை இழந்த சில ஆண்டுகளில், எந்தப் பெரிய இதழும் கேட்டிராத இந்த வேலையை ஸ்டாஃபோர்ட் விருப்பத்தோடு எடுத்துக்கொண்டார். ஏழு கவிதைகள் சாலையோரப் பலகைகளாயின. காரை நிறுத்தி இறங்கி ஆற்றைப் பார்க்கும் யாரோ ஒருவருக்காக எழுதியவை அவை. தினமும் யாருக்கென்று தெரியாமல் எழுதிப் பழகியவருக்கு அது புதிதாக இருந்திருக்காது.

தமிழ் வாசகருக்கு இதெல்லாம் அயலான சங்கதி இல்லை. பாட்டு எழுதுவது அன்றாடப் பயிற்சி என்று கருதிய மரபு இங்கே இருந்தது. ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்வது புலவர் பயிற்சியின் பகுதி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொண்டதை உ.வே.சாமிநாதையர் நேரில் கண்டு பதிவு செய்திருக்கிறார். அந்தப் பயிற்சியில் செய்யுள் செய்யும் திறன்தான் முதன்மை. எழுதுபவரின் அகம் அங்கே பேசுபொருளாக இருக்கவில்லை. பின்னர் புதுக்கவிதை வந்து அகத்தைத் திறந்துவிட்டது. ஆனால் அன்றாடம் என்பதைக் கூடவே கொண்டுவரவில்லை. மனம் கனிந்தால் எழுதுவது, தூண்டுதல் வந்தால் எழுதுவது என்பதே இன்று பெருவழக்கு. எழுதிய மறு நிமிடம் பலர் பார்க்க வெளியிட்டுவிடும் இன்றைய அவசரமும் அதோடு சேர்ந்துகொண்டது. யாரும் பார்க்காத தாள் என்ற ஒன்றே இல்லாமல் போவது பெரிய இழப்பு. தவறாக எழுதிப் பார்க்க அந்தத் தாள்தான் இடம் தரும்.

ஸ்டாஃபோர்டின் தாள்களைக் குடும்பத்தார் 2008இல் அவர் பணியாற்றிய லூயிஸ் அண்ட் கிளார்க் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார்கள். ஒரு பகுதி படியெடுக்கப்பட்டு இணையத்திலும் காணக் கிடைக்கிறது. அவர் எழுதிய பல ஆயிரம் கவிதைகளில் அச்சேறியவை சிறுபகுதிதான். மற்றவை தேதியோடு அப்படியே இருக்கின்றன. கவிதை எழுதிப் பழக நினைப்பவர்கள் பரிசு பெற்ற தொகுப்பைப் படிப்பதற்கு முன் அந்தத் தாள்களைப் பார்க்க வேண்டும். அடித்தல் திருத்தலும், பாதியில் நின்ற வரிகளும், எங்கும் போய்ச் சேராத நாட்களும் அங்கே ஏராளம். அதைப் பார்த்த பிறகு நாளைக் காலை எழுந்து ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். மேலே தேதியைப் போடுங்கள். நேற்று கண்ட ஒன்றை எழுதுங்கள். குறைந்தது ஒரு வருடம் அதை யாருக்கும் காட்டாதீர்கள்.